வாசகர் கேள்வி: கண்ணீருக்கு அணை கட்டலாமா?

கண் வறட்சிக்காக, கண்ணீர் வடியும் துளையை அடைக்க இமையில் வைக்கும் ‘பிளக்’ என்ற சிறு அடைப்பான் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பதில் சொல்பவர்கள் எங்கள் கண் மருத்துவக் குழுவினர்.

கே: வயது 48. ஒரு வருடமாகக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். நாளைக்கு எட்டு முறை சொட்டு மருந்து விட்டும் தீரவில்லை. “கண்ணீர் வடியும் துவாரத்தை அடைத்துவிடலாம்” என்கிறார் டாக்டர். கேட்டதிலிருந்து பயம். எதை அடைப்பார்கள்? இது ஆபரேஷனா? (வாசகி, கரூர்)

ப: ஆபரேஷன் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, கீழ் இமையை மூக்கோரத்தில் லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். இமை விளிம்பில் ஒரு சின்ன மேடு தெரியும். அதன் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. குறுக்களவு சுமார் 0.3 மி.மீ. மேல் இமையிலும் இப்படி ஒன்று உண்டு. ஆக, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து நான்கு.

மேல் இமைக்குள் வெளியோரமாக இருக்கும் சுரப்பியில் ஊறும் கண்ணீர், கண் சிமிட்டும்போதெல்லாம் விழியைக் கழுவிக்கொண்டு மூக்கோரம் வந்து சேரும். இந்தத் துளைகளில் இறங்கி, 2 மி.மீ. செங்குத்தாகவும் பிறகு சுமார் 8 மி.மீ. படுக்கை வாட்டத்திலும் ஓடும் நுண்குழாயைத் தாண்டி, கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து மூக்குக்குள் வடியும். அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசப்பதும் இதே வழியில்தான்.

குளத்துக்கு வரத்து குறைந்துபோனால் மதகை அடைத்து இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றுவோம். பிளக் செய்வதும் அவ்வளவுதான். அது புதிதாகக் கண்ணீரை ஊற வைக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வைக்கும் முறை இதுதான். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைத்து உட்கார வைப்பார்கள். மரத்துப்போவதற்கு ஒரு சொட்டு மருந்து. அடுத்து, அளவுக் கம்பியால் துளையை அளப்பார்கள். இந்த ஒரு வேலையைக் கண்மதிப்பாக விட்டுவிட்டால்தான் பின்னால் பிளக் விழுவதும் உறுத்துவதும் அதிகம் நடக்கின்றன. துளை மிகச் சிறிதாக இருந்தால் கூர் மழுங்கிய மெல்லிய கம்பியால் சற்று விரிப்பார்கள். அதிகம் விரித்தால் துளையைச் சுற்றியுள்ள மீள்தன்மை கொண்ட வளையம் கிழிந்து, பிறகு எந்த பிளக்கும் நிற்காது. சிலிகோன் பிளக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு சிறிய குடை ஆணி போல இருக்கும்: வெளியே நிற்கும் தட்டைத் தலை, இடுங்கிய கழுத்து, உள்ளே பிடித்துக்கொள்ளும் கூம்பு. செருகும் கருவியின் முனையிலேயே மாட்டி வரும். உள்ளே தள்ளிப் பொத்தானை அமுக்கினால் பிளக் அங்கேயே நின்றுகொள்ளும், கருவி மட்டும் வெளியே வரும். தலைப்பகுதி இமை விளிம்போடு ஒட்டிச் சமமாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு துளைக்கு ஓரிரு நிமிடம். அழுத்துவது தெரியும், பெரிய வலி இருக்காது. மூக்கோரத்தில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு ஓரிரண்டு நாளில் மறந்துபோகும். மறக்கவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். அளவு பெரிதாக இருக்கலாம், அல்லது தலை சாய்ந்து விழியை உரசலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எந்த வகை?” கொலாஜன் பிளக் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும். மெதுவாகக் கரையும் செயற்கைப் பொருளில் செய்தவை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நிற்கும். சிலிகோன் எடுக்கும்வரை இருக்கும். முதல் தடவைக்குக் கரையும் வகையைக் கீழ் இமைகளில் மட்டும் வைத்துப் பார்ப்பதே நல்லது. கண்ணீர் கன்னத்தில் வழிகிறதா, உறுத்தல் குறைகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கொலாஜன் துளையை முழுக்க அடைப்பதில்லை. அது பயன் தரவில்லை என்பதற்காகச் சிலிகோனும் தராது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கே: ஒருவர் “அற்புதம்” என்கிறார், இன்னொருவர் “காசுக்குக் கேடு” என்கிறார். ஆராய்ச்சி என்ன சொல்கிறது? (வாசகர், கோவை)

ப: ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இரண்டு குரலில் பேசுகிறது.

2015-ல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக் வைத்தவர்களுக்கு உறுத்தல், எரிச்சல் போன்றவை பாதிக்குப் பாதியாவது குறைந்தன. சொட்டு மருந்தின் தேவையும் குறைந்தது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு வசதி கூடியது என்றது. கடுமையான பக்க விளைவுகள் அபூர்வம். ஆனால் துளையில் வைக்கும் பிளக் சராசரியாக 40 சதவீதம் பேருக்கு விழுந்துவிட்டது. சுமார் 9 சதவீதம் பேருக்குக் கண்ணீர் வழிந்தது. 10 சதவீதம் பேருக்கு உறுத்தல் தாங்காமல் எடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட மறுஆய்வு இன்னும் கறாரானது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட 18 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. மொத்தம் 711 பேர். உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றே முடித்தது. காரணம் முக்கியம்: ஒரு சோதனையில் சிலிகோன், இன்னொன்றில் கொலாஜன்; ஒன்றில் சொட்டு மருந்தோடு ஒப்பீடு, இன்னொன்றில் வேறொரு பிளக்கோடு; கண் வறட்சியின் கடுமையும் ஆளுக்கு ஆள் வேறு. இத்தனையையும் ஒரே தராசில் போட முடியாது.

எங்கள் கணிப்பு: தண்ணீர் குறைந்ததால் வறண்ட கண்ணும், எண்ணெய் குறைந்ததால் வறளும் கண்ணும் ஒரே பெயரில் ஆய்வுக்குள் போனால் சராசரி மங்கலாகத்தான் வரும். தண்ணீர் உண்மையிலேயே குறைவு, கண்ணில் அழற்சி அடங்கியிருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தால் பிளக் நல்ல கருவி. அந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் யோசிக்க வேண்டும். 2017-ல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த சிகிச்சைப் படிகளிலும் பிளக் இரண்டாம் படியில்தான் வருகிறது. சொட்டு மருந்து, இமைச் சுத்தம், சூழலைத் திருத்துவது எல்லாம் அதற்கு முன்.

கே: ஐ.டி. வேலை. மாலையானால் கண் எரிந்து சிவக்கிறது. ரிப்போர்ட்டில் “ஷிர்மர் 18 மி.மீ., கண்ணீர்ப் படலம் உடையும் நேரம் 4 நொடி” என்றிருக்கிறது. நண்பனுக்கு பிளக் போட்டுக் குணமாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் மறுக்கிறார்கள்? (வாசகர், சென்னை)

ப: உங்கள் டாக்டர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஷிர்மர் சோதனையில் 5 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உள்ள வடிதாளின் நுனியை மடித்துக் கீழ் இமையின் வெளியோரத்தில் மாட்டி, 5 நிமிடம் கழித்து எத்தனை மி.மீ. நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 10-க்கு மேல் என்றால் பொதுவாகப் போதும். 5-க்குக் கீழ் என்றால் நிஜமான பஞ்சம். உங்களுக்கு 18. தண்ணீர் தாராளம்.

நாலு நொடி என்பதுதான் சிக்கல். மஞ்சள் சாயம் தொட்டு, கண் சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, விழி மேலிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் எப்போது கரும்பொட்டு விழுகிறது என்று எண்ணுவார்கள். 10 நொடியாவது தாங்க வேண்டும். தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்துவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும். அந்த எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இமையை அமுக்கினால் நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக வர வேண்டியது, சிலருக்கு மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரிக் கட்டியாக வரும். வடிகாலை அடைத்தால் இது சரியாகாது. கெட்ட எண்ணெய், நுரை, இமைக் கழிவு எல்லாம் கண்ணிலேயே தேங்கும். இன்னொன்றும் உண்டு: ஆரோக்கியமான கண்களில் துளையை அடைத்துப் பார்த்தபோது, சில நாளில் சுரப்பும் கருவிழியின் உணர்வும் குறைந்து, இரண்டு வாரம் போலக் கழித்தே பழைய நிலைக்கு வந்திருக்கின்றன. கண் தன் கணக்கைத் தானே சரிக்கட்டப் பார்க்கும்.

உங்களுக்கான வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். பெரும்பாலோர் இதைத் தவறாகச் செய்துவிட்டு “பயனில்லை” என்பார்கள். வெந்நீரில் நனைத்த துண்டு இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். சூடு 40 முதல் 45 டிகிரி செல்சியஸ், நேரம் 5 முதல் 10 நிமிடம். இடையில் மறுபடி மறுபடி நனைத்துப் பிழிய வேண்டும், அல்லது சூடு தங்கும் கண்பட்டையை வாங்கிக்கொள்ளலாம். சூட்டை முன்னங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் வையுங்கள். ஒத்தடம் முடிந்த உடனே, எண்ணெய் இளகியிருக்கும்போதே, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் நீவிவிடுங்கள். பிறகு இமை முடியின் வேர்ப்பகுதியைத் துடையுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. ஆறு வாரம் விடாமல். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஆவியாகும் பரப்பு குறையும். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் நாற்காலியை யாருக்காவது தானம் செய்துவிடுங்கள்.

கே: அம்மாவுக்கு 61 வயது. முடக்குவாதம் உண்டு. கண் வறட்சியோடு வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் இட்லி கூட இறங்காது. ஷிர்மர் 2 மி.மீ. இவ்வளவு குறைவாக இருந்தும் “முதலில் மூன்று மாதம் மருந்து, அப்புறம் பிளக்” என்கிறார் டாக்டர். ஏன் இழுத்தடிக்க வேண்டும்? (வாசகி, திருநெல்வேலி)

ப: இழுத்தடிப்பு இல்லை, வரிசை. கண், வாய், மூட்டு மூன்றும் சேர்ந்தால் ஷோகிரென் நோயா என்று பார்க்க வேண்டும். 1933-ல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரெனின் பெயரில் வழங்குகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. அம்மாவின் கண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கண்ணீரிலும் அழற்சிப் பொருட்கள் நிறைந்திருக்கும். அந்த நிலையில் மதகை அடைத்தால் தேங்குவது நல்ல தண்ணீர் இல்லை. கருவிழி அதிலேயே ஊறும். பிளக் வைத்த பிறகு சிலருக்கு எரிச்சல் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் முதலில் அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் 0.05% சொட்டு மருந்து, பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை. முதல் சில வாரம் எரியும்; எரிகிறதே என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மறுபடி வாங்கி விடுவதை மட்டும் செய்யாதீர்கள். கண் அழுத்தமும் புரையும் அந்த வழியில்தான் வரும். சிவப்பு அடங்கி, சாயமிட்டுப் பார்க்கும்போது கருவிழியில் புள்ளிகள் குறைந்ததும் பிளக் வைக்கலாம். ஷிர்மர் 2 உள்ளவருக்கு நான்கு துளைகளும் தேவைப்படலாம். ஷோகிரென் நோயைக் கண்டுபிடிக்க உதவும் எஸ்.எஸ்.ஏ. எதிர்ப்பொருளை ரத்தப் பரிசோதனையில் பார்த்தார்களா என்று மூட்டு டாக்டரிடம் கேளுங்கள். பல் டாக்டரையும் ஒருமுறை பாருங்கள். உமிழ்நீர் இல்லாத வாயில் பற்கள் வேகமாகச் சொத்தையாகும்.

கே: ஏழு மாதத்தில் இரண்டு முறை பிளக் விழுந்துவிட்டது. என் கண்ணில்தான் கோளாறா? (வாசகர், மதுரை)

ப: விழுந்தது என்று எப்படித் தெரியும்? தலையணையில் கிடந்ததா, அல்லது கண்ணாடியில் பார்த்தபோது காணவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. காணாமல் போனது உள்ளே நழுவியும் இருக்கலாம். அதைச் சோதிக்காமல் மேலே இன்னொன்று வைக்கக் கூடாது.

நிஜமாகவே விழுந்திருந்தால், பெரும்பாலும் காரணம் அளவு. அடுத்த காரணம் கண்ணைத் தேய்ப்பது. மூக்கோரத்தை ஆள்காட்டி விரலால் உருட்டித் தேய்க்கும் பழக்கம் பலருக்குத் தெரியாமலே இருக்கும். அரிப்பு இருந்தால் அதற்கு முதலில் மருந்து போட வேண்டும். ஒவ்வொரு முறை விழும்போதும் துளை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். மறுபடி அளந்துதான் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய அளவையே எழுதி வாங்க வேண்டாம்.

மூன்றாம் முறையும் நிற்கவில்லை, ஆனால் பிளக் இருந்த நாட்களில் கண் நன்றாக இருந்தது என்றால், துளையைச் சூட்டால் பொசுக்கி மூடுவது அடுத்த வழி. இது பிளக்கைவிடப் பழையது: 1935-லேயே பீத்தம் என்ற அமெரிக்க மருத்துவர் செய்து எழுதியிருக்கிறார். ஃப்ரீமன் என்ற கண் மருத்துவர் சிலிகோன் பிளக்கை அறிமுகம் செய்தது 1975-ல்தான். மரத்துப்போக ஊசி போட்டு, நுண்ணிய சூட்டு முனையால் சில நொடி. கிட்டத்தட்ட நிரந்தரம், சிலருக்கு மறுபடி திறந்துகொள்ளும். திரும்பப் பெறுவது கடினம் என்பதால், பிளக் வைத்துப் பலன் பார்க்காமல் யாராவது நேராகச் சூடு வைக்கச் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

கே: மூன்று வருடம் முன்பு “குழாய்க்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது” என்று ஒரு பிளக் வைத்தார்கள். இரண்டு மாதமாக அந்த ஒரு கண்ணில் மட்டும் பீளை, சிவப்பு, மூக்கோரம் வீக்கம். மருந்து விட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்ப வருகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

ப: இந்த வாரமே போங்கள். பிளக் வைத்ததை வாசலிலேயே சொல்லுங்கள். மூன்று வருடம் ஆனதால் நீங்களும் மறந்திருப்பீர்கள், புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது; சாதாரணக் ‘கண் வலி’ என்று சொட்டு மருந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

இது நுண்குழாய் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கண்ணில் மட்டும், விட்டு விட்டு, துளையின் வாய் வீங்கிப் பிதுங்கி, அமுக்கினால் சீழ் வருவது அதன் அடையாளம். மேலே சொன்ன 2015 அறிக்கையிலேயே, குழாய்க்குள் வைக்கும் வகையில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது வந்திருக்கிறது. வைத்துப் பல வருடம் கழித்தும் வரும். அசையாமல் கிடக்கும் பொருளின் மேல் கிருமிகள் பாசி போல் படர்ந்துவிட்டால் எந்தச் சொட்டு மருந்தும் உள்ளே ஊடுருவாது. பொருளை எடுத்தால்தான் தீரும். உப்புநீரைப் பீய்ச்சி மூக்குப் பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் குழாயின் வாயைச் சிறிதாகக் கீறி எடுக்க வேண்டியிருக்கும்.

நீங்களே அமுக்கிச் சீழ் எடுக்காதீர்கள். காய்ச்சல், உள் மூலைக்குக் கீழே சிவந்து கடும் வலி, கண்ணைச் சுற்றிப் பரவும் வீக்கம், பார்வை மங்கல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

குழாய்க்குள் போகும் வகையை நாங்கள் முதல் தேர்வாகச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். உறுத்தாது, விழாது, உண்மை. ஆனால் வெளியே தலை தெரியும் பிளக் என்றால், வேண்டாம் என்ற நாளில் டாக்டர் இடுக்கியால் கழுத்தைப் பிடித்து ஒரு நொடியில் எடுத்துவிடலாம். எந்த வகை வைத்தாலும் அதன் பெயர், அளவு, எந்த இமை, என்ன தேதி என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள்.

கே: பிளக் வைத்ததிலிருந்து கண்ணில் நீர் தளும்பிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓட்ட முடியவில்லை. (வாசகர், ஈரோடு)

ப: இரண்டு வாரம் பொறுங்கள், பலருக்குத் தானே சமனாகிவிடும். அதற்குப் பிறகும் வழிந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பாருங்கள். கரையும் வகை என்றால் காத்திருந்தாலே போதும். ஆனால் பிளக்கின் தலை உரசுவதாலும் நீர் வடியும், ஆகவே ஒருமுறை ஸ்லிட் லேம்பில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. உரசிய இடத்தில் சிவந்த சதைக் கட்டி வளர்ந்திருந்தால் பிளக்கை எடுக்கத்தான் வேண்டும்.

கே: பிளக் இருக்கும்போது மை தீட்டலாமா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (வாசகி, சேலம்)

ப: எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சிலிகோனில் உலோகம் இல்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், கண்ணுக்குள் விடக் கூடாது. மை, இமைமுடிக்கு வெளியே என்றால் சரி. இமையின் உள் விளிம்பில் இழுக்கும் மை பிளக்கின் தலையில் அப்பும், எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயையும் அடைக்கும். நீச்சலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முகம் துடைக்கும்போது ஒற்றி எடுங்கள்.

கே: பாட்டி விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிளக்குக்கு முன் முயற்சி செய்யலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

ப: வேண்டாம். கிருமி நீக்கம் செய்யாத எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது. வறண்ட கருவிழியில் ஏற்கெனவே நுண்ணிய கீறல்கள் இருக்கும். அதில் கிருமி புகுந்தால் புண்ணாகித் தழும்பு விழும். பாட்டியிடம் வெந்நீர் ஒத்தடத்துக்கு உதவி கேளுங்கள், அதில் அவர் கைதேர்ந்தவராக இருப்பார்.

கே: மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்யலாம் என்றால், “கண் கொஞ்சம் வறட்சி, பிளக் வைத்துச் செய்யலாம்” என்கிறார்கள். சரிதானா? (வாசகி, திருச்சி)

ப: லேசிக்கில் கருவிழியின் நரம்பு நுனிகள் அறுபடும். கண் காய்வதை மூளைக்குச் சொல்லும் தந்திக் கம்பி அதுதான். அதனால் நல்ல கண்ணே முதல் மூன்று மாதம் வறளும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் சரியாகும். அந்த இடைவெளியைக் கடக்கச் சில மாதத்தில் கரையும் பிளக் வைப்பது வழக்கத்தில் உள்ளதுதான், தவறில்லை.

ஆனால் ‘கொஞ்சம் வறட்சி’ எவ்வளவு என்று எண்ணில் கேளுங்கள். சாயமிட்டால் கருவிழியில் புள்ளிகள் விழுகிற நிலையில் அளவெடுத்தால் பவர் கணக்கே பிசகும். முதலில் வறட்சியைச் சரிசெய்து, மறுபடி அளந்து, பிறகுதான் லேசிக். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் சுருக்கும். முடித்துச் சில மாதமாவது போக வேண்டும். தும்மலுக்கு அடிக்கடி போடும் செடிரிசின் மாதிரி மாத்திரைகளும் கண்ணைக் காய வைக்கும், அதையும் சொல்லுங்கள். முகூர்த்தத் தேதிக்காக அவசரப்பட வேண்டாம்.

கே: கண் அழுத்தத்துக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து விடுகிறேன். பிளக் வைத்தால் மருந்து அதிகமாகிவிடுமா? (வாசகர், வேலூர்)

ப: மருந்து கண்ணில் கூடுதல் நேரம் நிற்கும். அழுத்தம் குறைவதற்கு அது நல்லதுதான். கவலை மருந்தில் இல்லை, அதில் கலந்த பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியில். நாள்தோறும் பல சொட்டாகச் சேர்ந்தால் அதுவே கருவிழியின் மேல்தோலை அரிக்கும். வடிகாலையும் அடைத்தால் இன்னும் நேரம் தங்கும். உங்கள் வறட்சியே அதனால் வந்ததாகக்கூட இருக்கலாம். பதப்படுத்தி இல்லாத மருந்துக்கு மாற முடியுமா, இரண்டையும் ஒரே புட்டியில் தரும் கலவை உண்டா என்று பிளக்குக்கு முன்பே கேளுங்கள். மருந்து விட்டதும் கண்ணை மூடி இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் போதும். பிளக் வைத்த பிறகு மூக்கோரத்தை விரலால் அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பிளக் நகரும்.

கே: அமெரிக்காவில் மருந்து அடங்கிய பிளக் இருக்கிறதாமே? கண் வறட்சிக்கு அதைத் தருவித்துக்கொள்ளலாமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: டெக்சாமெதசோன் 0.4 மி.கி. அடங்கிய ஒன்றுக்கு 2018-ல் அங்கே அனுமதி கிடைத்தது. கீழ்க் குழாயில் வைத்தால் சுமார் 30 நாள் மருந்தை மெல்ல விட்டுக் கரைந்துபோகும். ஆனால் அனுமதி கண் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு. பின்னர் அழற்சிக்கும் ஒவ்வாமை அரிப்புக்கும் நீட்டித்தார்கள். வறட்சிக்கு அல்ல. உள்ளே இருப்பது ஸ்டீராய்டு, சொட்டு மருந்து போல நீங்களாக நிறுத்த முடியாது. தருவிக்க வேண்டாம்.

கே: பிளக் வைத்த அன்றே சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

ப: கூடாது. முதல் இரண்டு வாரம் பழைய கணக்கிலேயே விடுங்கள். மறுபரிசோதனையில் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, நாளைக்கு எட்டு முறை விடுகிறீர்கள் என்றால் அதை ஆறாக, அடுத்து நான்காகக் குறைத்துப் பாருங்கள். சைக்ளோஸ்போரினைக் குறைப்பது டாக்டர் வேலை. ஆறு வாரம் ஆகியும் ஒரு சொட்டுகூடக் குறைக்க முடியவில்லை என்றால் பிளக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; இருந்தும் அப்படியென்றால் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விடும்வரை பதப்படுத்தி இல்லாத, ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகளே நல்லது. குப்பியின் நுனி கண்ணிலோ இமைமுடியிலோ படக் கூடாது. மிச்சம் இருக்கிறதே என்று திறந்த குப்பியை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.